மாடத்தியும் காளியும்

வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையன்று முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலிற் பொங்கல் நிகழும். பாக்குத் தெண்டலுடன் தொடங்கும் அதன் சடங்குகளுள், கடலிலிருந்து எடுத்துவந்த நீரிலே விளக்கெரிக்கும் சடங்கு வன்னி நாட்டார் அனைவரும் அறிந்தது. அங்கே வழிபடப்படும் தெய்வம் யார்? கணவனைக் கள்வனென்று கொன்ற அரசனின் அவைக்குள் தலைவிரி கோலமாய் நுழைந்து, சிலம்பை உடைத்து நீதி கேட்ட ஒரு வணிகர் குலப் பெண். அரசன் தவறினான் என்று அரசன் முகத்துக்கு நேரே உரைத்தவளையே நம் முன்னோர் தெய்வமாக்கினர்.

அநீதிக்கு ஆளான பெண்ணைத் தெய்வமாக்கி வணங்குவது தமிழர் வழிபாட்டிற் புதிதன்று. தமிழகத்தின் தென்பாண்டிச் சீமையிலே ஆற்றங்கரைகளிலும் காட்டோரங்களிலும் நிற்கும் சிறு பீடங்கள் பலவற்றின் அடியில் ஒரு பெண்ணின் துயர்க்கதை புதைந்து கிடக்கும். மாடத்தி என்பது அத்தகைய பீடங்களில் வழங்கும் பெயர்களுள் ஒன்று. உயிரோடிருந்தபோது ஒதுங்க இடங்கொடாத ஊர், அவள் இறந்தபின் பொங்கலிட்டுக் குலவையிடுகிறது. இந்த முரண்பாட்டை விடாது பற்றிக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படம் எடுத்துவரும் இயக்குநர் ஒருவர் உளர். அவர் பெயர் லீனா மணிமேகலை. கவிஞராகவும் அறியப்பட்டவர். தம்மை இருபாலீர்ப்புடையவர் என்று வெளிப்படையாகக் கூறிக்கொண்டவர். அவருடைய திரைப்பணியைப் பற்றியதே இன்றைய பேச்சு.

நேயர்களுக்கு இரண்டு சொற்களை முதலில் விளக்குதல் நலம். சுயாதீனத் திரைப்படம் என்பது முதலாவது. முதலாளியிடம் பணம் பெற்று, பெயர்பெற்ற நடிகரை அமர்த்தி, படமாளிகைகளை முன்கூட்டியே பிடித்து வெளியிடும் வணிகப் படத்தினின்று இது வேறானது. இங்கே பணம் சிறிது, ஆட்கள் சிலர், நடிப்போர் பெரும்பாலும் அவ்வூர் மக்களே. கையடக்கக் கமராக்கள் மலிந்த பின்னரே தமிழில் இவ்வகைப் படம் பெருகிற்று. இரண்டாவது சொல் ‘குயர்’ என்பது. ஒவ்வாதவர், கோணலானவர் என்ற ஏளனப் பொருளில் ஆங்கிலம் பேசுவோர் சிலர்மேல் எறிந்த சொல் அது. எறியப்பட்டவர்களே அதனைக் குனிந்தெடுத்துத் தம் பெயராகச் சூடிக்கொண்டனர். தம் பாலினத்தவரையே விரும்புவோர், இருபாலாரையும் விரும்புவோர், திருநங்கையர், திருநம்பியர் ஆகிய அனைவரையும் அடக்கிப் பால்புதுமையினர் என்று தமிழில் இன்று வழங்குகின்றனர். அவர்தம் வாழ்வை அவர்கள் பார்வையிலேயே காட்டும் படம் குயர் படம் எனப்படும்.

லீனா மணிமேகலை பிறந்தது தமிழகத்து விருதுநகர் மாவட்டத்தின் மகாராசபுரம் என்னும் சிற்றூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் அது. தந்தையார் இரகுபதி தமிழாசிரியர். இயக்குநர் பாரதிராஜாவின் படங்களை ஆராய்ந்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். கிராமத்து மண்ணைத் திரைக்குக் கொண்டுவந்த ஓர் இயக்குநரின் படங்களை ஒரு தமிழாசிரியர் இலக்கியம்போற் பாடங்கேட்ட வீட்டிலே வளர்ந்த பிள்ளை, பிற்காலத்திற் கமராவைக் கையிலெடுத்ததில் வியப்பில்லை. பெயரிலும் ஒரு பொருத்தம் உண்டு. காப்பிய மணிமேகலை, தனக்கென விதித்த வாழ்க்கையை மறுத்து, அமுதசுரபியை ஏந்தி வறியோரிடம் சென்றவள். அவள் அப்பாத்திரத்தைப் பெற்ற மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கொள்வாரும் உளர்.

தென்மாவட்டங்களிற் பல குடும்பங்களின் வழக்கப்படி தாய்மாமனுக்கு மணமுடித்துவைக்க வீட்டார் எண்ணினர். பெண் உடன்படவில்லை, வீட்டைவிட்டுச் சென்னைக்குச் சென்றுவிட்டார். பொறியியல் கற்றவர்; பொருள்வரும் தொழில் ஒன்றில் அமைதியாக இருந்திருக்கலாம். அவர் நாடியதோ கவிதையும் திரைப்படமும். வீட்டைவிட்டுப் போன பெண் என்னும் ஒரு சொல் நம் ஊர்களில் எத்துணைச் சுமையுடையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முதற் படமே அவர் செல்லும் திசையைக் காட்டிவிட்டது. ‘மாத்தம்மா’ என்னும் ஆவணப்படம் 2003 அளவில் வெளிவந்தது. அரக்கோணம் பக்கத்து அருந்ததியர் குடியிற் சிறுமியரை மாத்தம்மா என்னும் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைப் பற்றியது அது. நோயுற்ற குழந்தை பிழைத்தால் அம்மனுக்கே விடுவோம் என்று பெற்றோர் நேர்வர். குழந்தை பிழைக்கும். பின்னர் அப்பெண்ணுக்கு மணமில்லை. ஊரார்க்கெல்லாம் உரியவள் ஆகிறாள். தெய்வத்தின் பெயரால் உயர்த்தப்பட்டவள் தெருவில் யாரும் தீண்டும் பொருளாகிறாள். அடுத்து வந்த ‘பறை’ என்ற படம் கடலூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் தலித் பெண்கள் படும் வன்முறையைப் பேசிற்று. இப்படங்களை அவர் மாநகர அரங்கில் மட்டும் காட்டி மகிழ்ந்திருக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று திரை கட்டிப் போட்டு, பார்த்தவர்களோடு இருந்து பேசினார். படம் முடிந்தபின் நடக்கும் அந்தப் பேச்சே படத்தின் மறுபாதி என்பது அவர் முறை.

இக்காலத்துப் படங்களுள் மிகச் சிறந்தது ‘தேவதைகள்’. 2008 ஆம் ஆண்டு மும்பை அனைத்துலகத் திரைப்பட விழாவிலே பொற்சங்கு விருது பெற்றது. மூன்று பெண்கள் அதன் நாயகியர். ஒருத்தி சாவு வீட்டில் ஒப்பாரி பாடுபவள். ஒருத்தி கடலிற் சென்று மீன் பிடிப்பவள். மற்றொருத்தி புதுச்சேரியிலே உரிமை கோருவாரற்ற பிணங்களை எடுத்து அடக்கஞ் செய்பவள். மூவரும் வயது முதிர்ந்தவர். மூவரும் ஆண்களுக்குரியவை அல்லது தீட்டுக்குரியவை என்று ஒதுக்கப்பட்ட தொழில்களைச் செய்பவர். இவர்களைத் தேவதைகள் என்று அழைத்ததிலேயே இயக்குநரின் கருத்து அடங்கிவிட்டது. இரங்கத்தக்கவராக அவர்களை அவர் காட்டவில்லை. அவர்கள் சிரிக்கின்றனர், ஏசுகின்றனர், குடிக்கின்றனர், தம் தொழிலைப் பற்றிப் பெருமை பேசுகின்றனர். முல்லைத்தீவுக் கரையிற் கருவாடு காயவைத்து வாழும் பெண் ஒருத்தி அப்படத்தைக் காண நேர்ந்தால், கடலுக்குப் போகும் அக்கிழவியை முன்பின் அறிந்தவள்போற் கொள்வாள்.

ஈழத்து நேயர்க்கு மிக நெருங்கிய படம் ‘செங்கடல்’. களம் தனுஷ்கோடி. 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் அவ்வூரை அழித்தது. அதே புயல் அங்கு செல்லுமுன் வவுனியாவூடாக வன்னியைக் கடந்து சென்றதை முதியோர் மறந்திரார். புயலின் பின் அரசு கைவிட்ட அம்மணற்றிட்டிலே மீனவர் குடிசைகள் மட்டும் எஞ்சின. எண்பதுகளிற் போர் மூண்டபின் இக்கரையினின்று படகேறியோர் பலர் முதலிற் கால்வைத்ததும் அங்கேதான். பணத்தை வாங்கிக்கொண்டு மணற்றிடர்களில் இறக்கிவிட்டுப் போன படகோட்டிகளின் கதையும், கண்டெடுத்துக் கஞ்சி வார்த்த அக்கரை மீனவர் கதையும், மண்டபம் முகாமின் கதையும் வன்னியின் பல குடும்பங்களிலே வாய்மொழியாக உண்டு. எழுத்தில் வந்தவை சில; திரையில் வந்தவை அதனினும் சில.

செங்கடலின் கதையை லீனாவும் ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தியும் ஜெரால்டும் சேர்ந்து எழுதினர். பிரான்சிலே வாழும் ஷோபாசக்தி பின்னர் ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுப் படத்தில் நாயகனாக நடித்தார் என்பதும், அப்படம் 2015 இற் கான் விழாவின் தலையாய விருதாகிய தங்கப்பனை விருதைப் பெற்றது என்பதும் நேயர் பலர் அறிந்ததே. செங்கடலில் நடித்தோர் பெரும்பாலும் தனுஷ்கோடி மீனவரும் அங்கிருந்த அகதிகளும். கடலிற் சுடப்பட்டு இறந்த மீனவனின் உடலைக் கரைசேர்க்கும் துயரை நடித்துக்காட்ட அவர்களுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. ஆவணப்படம் எடுக்க வந்த மணிமேகலை என்னும் பெண்ணாக இயக்குநரே தோன்றுகிறார். இதில் ஒரு குறையும் உண்டு. படம் எடுப்பவரின் இடர்கள் சில இடங்களில் மீனவரின் இடர்களை மறைத்துவிடுகின்றன. சில உரையாடல்கள் மேடைப்பேச்சாக ஒலிக்கின்றன. ஆயினும் இரு நாட்டுக் கடற்படைகளுக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பில் வாழும் மக்களின் அச்சத்தை அவர்களுடைய பேச்சிலேயே பதிவுசெய்த படம் வேறொன்றைத் தமிழிற் காட்டுதல் அரிது.

தணிக்கைக் குழு 2011 சனவரியில் இதற்குச் சான்றிதழ் மறுத்தது. இந்திய, இலங்கை அரசுகளை இழிவுபடுத்தும் கருத்துகளும் தகாத சொற்களும் உள என்பது அவர்கள் கூறிய காரணம். கடலோடிகள் கோபத்திற் பேசும் சொற்களைத் தகாத சொற்கள் என்று குழு கண்டதில் வியப்பில்லை. அச்சொற்களைப் பேசவைத்த நிகழ்ச்சிகளுக்கு ஒருவரும் சான்றிதழ் கேட்கவில்லை. இயக்குநர் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடினார். அவ்வாண்டு சூலையில் ஒரு வெட்டுமின்றி, வயதுவந்தோர்க்குரிய சான்றிதழுடன் படம் விடுவிக்கப்பெற்றது. கோவாவில் நடைபெற்ற இந்திய அனைத்துலகத் திரைப்பட விழாவின் இந்தியப் பனோரமாப் பிரிவிலும் அவ்வாண்டே அது இடம்பெற்றது. சனவரியில் நாட்டுக்கு ஆகாததாயிருந்த படம் நவம்பரில் நாட்டின் சார்பிற் காட்டத்தக்கதாயிற்று. படத்தில் ஓர் அங்குலமும் மாறவில்லை.

2013 இல் அவர் இலங்கைக்கே வந்தார். அவ்வாண்டு நவம்பரிற் பொதுநலவாய நாடுகளின் தலைவர் மாநாடு கொழும்பில் நடைபெற்றது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களை வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் தேடிச்சென்று, மறைவாகப் படம் பிடித்தார். ‘வெள்ளைவான் கதைகள்’ என்பது அதன் பெயர். அப்பெயருக்கு விளக்கவுரை இந்நாட்டில் எவர்க்கும் வேண்டுவதில்லை. படத்தின் பகுதிகளைப் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி மாநாட்டுக் காலத்தில் ஒளிபரப்பிற்று. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகிய மூவினத்துப் பெண்களின் துயரையும் ஒருங்கே வைத்ததே இப்படத்தின் தனிச்சிறப்பு. தெற்கிலே எண்பதுகளின் இறுதியில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கும் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் கணவனைக் கையளித்த மனைவிக்கும் மொழி வேறு; கையில் வைத்திருக்கும் புகைப்படம் ஒன்றே.

அப்படம் வெளிவந்து நான்கு ஆண்டுகளின் பின், 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும், உறவுகளைத் தேடும் தாய்மார் தெருவோரக் கொட்டகைகளில் அமர்ந்தனர். ஆண்டுக்கணக்காக அமர்ந்தனர். விடை கிடைக்குமுன்னே அவர்களுட் பலர் இறந்துபோயினர். திரைப்படம் ஒன்று அவர்களுக்கு என்ன செய்துவிடக்கூடும்? பிள்ளையை மீட்டுத் தராது. ஆனால் பிள்ளையே இருந்ததில்லை என்று சொல்வார்க்கு எதிரே ஒரு சாட்சியாக நிற்கும். பெயரும் முகமும் அழியாது ஓரிடத்திற் பதிந்திருக்கும். காப்பியம் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

இனி, அவருடைய பணியின் மற்றொரு கிளை. 2012 இல் அவர் வெளியிட்ட ‘அந்தரக்கன்னி’ என்னும் கவிதைத் தொகுதி பெண்ணுக்குப் பெண்மேல் உள்ள காதலைப் பாடியது. தமிழில் அகப்பொருள் பாடாத காலம் இல்லை. தலைவியின் ஏக்கத்தைத் தோழியிடம் சொல்லாத பாட்டும் அரிது. ஆனால் அத்தோழியையே தலைவியாக்கிப் பாடத் துணிந்தவர் மிகச் சிலர். நூல் பல கண்டனங்களைச் சந்தித்தது. கண்டித்தவரிற் பலர் கவிதையின் தரத்தைப் பற்றிப் பேசவில்லை. எழுதியவரின் ஒழுக்கத்தைப் பற்றியே பேசினர்.

அக்காலத்தில் இந்தியாவில் இது சட்டத்துக்கும் மாறானது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்தது. வயதுவந்தோர் தாமே விரும்பிக் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 ஆம் நாள் தீர்ப்பளித்தது. இலங்கையின் நிலை வேறு. 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவும் 365 அ பிரிவும் இவ்வுறவைக் குற்றமென்றன. 1995 இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, ஆடவரை மட்டும் குறித்த சொல் பொதுச்சொல்லாக மாற்றப்பட்டுப் பெண்களும் அதனுள் அடங்கினர். இத்தண்டனையை நீக்கும் தனிநபர் சட்டமூலம் ஒன்று 2023 இற் பாராளுமன்றத்தின் முன் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணன்று என்று உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது. ஆயினும் 2024 இல் அப்பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் நிறைவேறாதே போயிற்று.

சட்டம் ஒருபுறம் இருக்க, வீட்டுக்கதவு ஒருபுறம் உண்டு. ‘நாங்கள் கேட்பது அதிகமா?’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் லீனா எடுத்த குறும்படம் அதனைக் காட்டுகிறது. ‘நான் வித்யா’ என்னும் தன்வரலாற்றை எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யாவும் அவர்தம் தோழியும் சென்னையிலே வாடகைக்கு வீடு தேடி அலைகின்றனர். இருவரும் திருநங்கையர்; நாடகக் கலைஞர்; கற்றவர். தொலைபேசியில் வீடு உண்டு என்பவர், நேரிற் கண்டதும் இல்லை என்கிறார். ஒருவர் சாதி கேட்கிறார். ஒருவர் கணவன் எங்கே என்கிறார். படத்தில் அடிதடி இல்லை, அழுகை இல்லை. இரு தோழியர் நகைச்சுவையாகப் பேசிக்கொண்டே தெருத்தெருவாக நடக்கின்றனர். தமிழ்நாட்டில் 2008 இலேயே திருநங்கையர்க்கு நலவாரியம் அமைந்துவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இல் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. நீதிமன்றம் ஏற்றவர்களுக்கு வாடகைக்கு ஓர் அறை கொடுப்பாரில்லை.

கல்விக்கூடங்களில் நெடுநாட் பணியாற்றியோர் இதனை வேறொரு முகமாகவும் அறிவர். நடையிலோ குரலிலோ சிறிது வேறுபட்ட மாணவனை உடன்பயில்வோர் பட்டப்பெயரிட்டு அழைப்பர். ஆசிரியரும் சிலவேளை உடன் நகைப்பர். அப்பிள்ளை பத்தாம் வகுப்புக்கு மேல் வராது. இடைவிலகற் பதிவேட்டிற் குடும்ப வறுமை என்றே காரணம் எழுதப்படும். போருக்குப் பின்னான வன்னியிலே வறுமைக்குக் குறைவில்லையாதலால் அக்காரணத்தை எவரும் ஐயுறுவதும் இல்லை. அத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் படும் அச்சமும் சிறிதன்று. ஊர் என்ன சொல்லும் என்று ஒரு கண்ணும், பிள்ளை என்ன செய்துகொள்வானோ என்று ஒரு கண்ணுமாக அவர்கள் இரவைக் கழிப்பர். அவர்களைத் திட்டுவதிற் பயனில்லை. மகனையோ மகளையோ புரிந்துகொள்ள அவர்களுக்குத் தமிழில் ஒரு நூலோ படமோ வேண்டும். இவ்வகைப் படங்களின் தேவை விழா அரங்குகளைவிட இங்கேதான் மிகுதி.

‘மாடத்தி’ 2019 ஆம் ஆண்டின் படம். லீனாவின் படைப்புகளுள் முழுமை பெற்றது இதுவே என்று துணிந்து கூறலாம். புதிரை வண்ணார் என்னும் குடியினர் கதை அது. பிற ஒடுக்கப்பட்ட குடிகளின் துணியையும், இறந்தோர் துணியையும், தீட்டுத் துணியையும் வெளுப்பது அவர்தம் தொழில். தீண்டாமை மட்டுமன்று, காணாமையும் அவர்கள்மேற் சுமத்தப்பட்டது. பகலில் அவர்களைக் கண்ணாற் காண்பதே தீட்டு. யாழ்ப்பாணத்திலும் துரும்பர் எனப்பட்டோர் இரவில் மட்டுமே நடமாட விடப்பட்டனர் என்பதும், தாம் வருவதைப் பிறர் அறிந்து விலகுமாறு ஓலையை நிலத்தில் இழுத்துச் சென்றனர் என்பதும் பதிவான செய்திகள். அவ்வோலையின் சத்தத்தை இந்நிலம் எளிதில் மறந்தது. படமாக எடுக்க எவர்க்கும் தோன்றவில்லை.

யோசனா என்னும் பருவப்பெண் படத்தின் நாயகி. காட்டிலும் ஆற்றிலும் மானைப்போல் திரிகிறாள். பிறர் கண்ணிற் படாதே, ஒளிந்துகொள் என்று தாய் நாள்தோறும் அடிக்கிறாள். தான் பெற்ற மகளைக் காக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றே. தாயாக நடித்த செம்மலர் அன்னத்தின் முகத்தில் அச்சமும் அன்பும் பிரிக்கமுடியாதவாறு கலந்திருக்கின்றன. நாயகியாக வந்த அஜ்மினா காசிமோ காட்டுக்குள்ளேயே பிறந்தவர்போல் உலவுகிறார். ஊரார் தம் அம்மனுக்குத் திருவிழா எடுக்கும் இரவிலே, இருளில், பகலிற் காணத்தகாத அப்பெண்ணை ஊரின் ஆடவர் கெடுக்கின்றனர். கண்ணாற் காண்பது தீட்டு. கையாற் சிதைப்பது தீட்டன்று. அவள் மாடத்தி ஆகிறாள். ஊரார் பார்வை போகிறது. கதையை ஒரு சிறுவன் சுவரோவியங்களைக் காட்டிச் சொல்வதாக அமைத்திருப்பது நம் கதைப்பாட்டு மரபையும் வில்லுப்பாட்டையும் நினைவூட்டும். பசிய மலைச்சாரலும் ஓடும் நீரும் இத்துணை அழகாகப் படமான கதை இத்துணைக் கொடியதாயிருப்பது, பார்ப்போரைப் பல நாள் வருத்தும்.

இப்படத்துக்கு முதலாளி எவரும் இல்லை. பலரிடம் சிறுசிறு தொகை திரட்டப்பட்டது. கோயிற் பொங்கலுக்கு வீடுவீடாகத் தெண்டுவது போல என்று கொள்ளலாம். தென்கொரியாவின் புசான் திரைப்பட விழாவில் 2019 இல் முதலிற் காட்டப்பட்டு, 2021 சூனில் இணையவழி வெளியாயிற்று. இடைப்பட்ட காலம் கொரோனா நோயின் காலம். படமாளிகைகள் மூடிக் கிடந்தன.

பின்னர் அவர் மேற்படிப்புக்காகக் கனடாவின் ரொறன்ரோவிலுள்ள யோர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே எழுந்ததுதான் உலகறிந்த சர்ச்சை. பல்பண்பாட்டைப் பற்றிய ஒரு கலைத்திட்டத்துக்காக ‘காளி’ என்னும் சிறுபடத்தை எடுத்தார். ஒரு மாலைப்பொழுதில் காளி தம்முள் இறங்கி ரொறன்ரோத் தெருக்களில் உலாவுவதாக, வேடமிட்டு அவரே நடித்தார். 2022 சூலைத் தொடக்கத்தில் அதன் சுவரொட்டி வெளிவந்தது. வேடமிட்ட காளி கையில் திரிசூலமும், பால்புதுமையினரின் வானவிற் கொடியும், வாயிற் சிகரெட்டும். இந்தியாவெங்கும் கொதிப்பு எழுந்தது. பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாயின. உயிருக்கு அச்சுறுத்தல்கள் வந்தன. ஒட்டாவாவில் உள்ள இந்தியத் தூதரகம் படத்தை அகற்றக் கோரியது. படத்தைக் காட்டிய ஆகாகான் அருங்காட்சியகம் வருத்தந் தெரிவித்து விலக்கிக்கொண்டது.

இவ்விடயத்தில் ஒருபக்கம் மட்டும் பேசுதல் முறையாகாது. காளியைத் தாயென வணங்கும் எளிய அடியார் பலர் அச்சுவரொட்டியைக் கண்டு உண்மையாகவே மனம் நொந்தனர். அந்நோவைப் பொய்யென்று தள்ளுவது பண்பன்று. தெய்வ உருவோடு விளையாடும் கலைஞர், பார்ப்பவன் எவ்விடத்தினின்று பார்க்கிறான் என்பதைச் சற்றே எண்ணுதலும் தகும். எனினும், கொதித்தவருள் படத்தைக் கண்டவர் எத்தனை பேர்? ஒரு படத்தைக் காணாமலே ஒரு தாளைக் கண்டு தீர்ப்புரைத்தனர். மேலும், நாட்டார் தெய்வங்களுக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கும் வழக்கம் தமிழகத்திலும் ஈழத்திலும் அறியாததன்று. சாமி வந்து ஆடுவோர் சுருட்டுக் கேட்பதை ஊரார் பக்தியோடு கண்டு நின்றிருக்கின்றனர். லீனா தம் சார்பிற் சொன்னதும் இதுவே: தம் ஊர்ப்புறத்துக் காளி இறைச்சி உண்பவள், சாராயம் அருந்துபவள், சுருட்டுப் பிடிப்பவள் என்பது. ஒரு பெண் அதே காளியாகத் தன்னைக் கண்டு, கையில் வானவிற் கொடியும் ஏந்தியபோதுதான் அது தெய்வ நிந்தனை ஆயிற்று. சினம் சிகரெட்டின் மேலதா, கொடியின் மேலதா, அதனை ஏந்திய பெண்ணின் மேலதா என்று பிரித்தறிதல் அரிது.

2023 சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அவரைக் கைதுசெய்யாதவாறு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. அவ்வாண்டு ஏப்ரலிற் பல மாநில வழக்குகளையும் ஒன்றாக்கித் தில்லிக்கு மாற்றியது. 2011 இல் ஒரு தணிக்கைக் குழுவுடன் வழக்காடியவர், பன்னிரண்டு ஆண்டுகளின் பின் தெருக்கூட்டத்தின் தணிக்கைக்கு எதிரே நீதிமன்றம் ஏறினார். முன்னதற்கு விதிகளும் மேன்முறையீடும் இருந்தன. பின்னதற்கு அவை இல்லை.

அவருடைய படங்களிற் சொல்மிகை உண்டு. தம்மை முன்னிறுத்தும் வேட்கையும் உண்டு. அவற்றைக் குறையென்று எழுதியோர் அவருடைய நண்பர்களுள்ளும் உளர். ஆனால் மாத்தம்மாச் சிறுமி முதற் காளி வரை கோடு ஒன்றே. கோயிலில் உயர்த்தப்படுபவளும் தெருவிற் கெடுக்கப்படுபவளும் ஒரே பெண் என்று அவர் விடாது காட்டிவந்தார். தம் காதலை மறைக்காது வாழ முற்பட்ட ஒருவர்க்கு, மறைத்துவைக்கப்பட்டோர் அனைவரும் உறவினராயினர். காணாமை என்பதன் பொருளை அவர் புறத்தேயிருந்து கற்றுக்கொள்ளவில்லை.

இலங்கையிலும் இவ்வழியில் நடந்தவர் இல்லாமல் இல்லை. சட்டத்தரணியும் எழுத்தாளருமான விசாகேச சந்திரசேகரம் 2014 இல் எடுத்த ‘சயபெத்தி குசும’ என்னும் சிங்களப் படம், இரு இளைஞரிடையே முகிழ்த்த காதலையும் அவர்களுக்கிடையே நின்ற ஒரு பெண்ணையும் பற்றியது. அடுத்து அவர் எடுத்த ‘பாங்ஷு’, காணாமற்போன மகனைத் தேடும் சலவைத்தொழிலாளித் தாய் ஒருத்தியின் கதை. இங்கும் வெளுப்பவளே நாயகியாதல் தற்செயலோ யாதோ. பின்னர் அவர் தமிழிலே ‘மணல்’ என்னும் பொருள்படும் தலைப்புடன் ஒரு படத்தை எடுத்தார். 2023 இல் நெதர்லாந்தின் றொட்டர்டாம் விழாவில் அது நடுவர் சிறப்பு விருது பெற்றது. போருக்குப் பின் தடுப்புக்காவலினின்று வடபகுதிக்குத் திரும்பிய முன்னாட் போராளி ஒருவன், காணாமற்போன தன் காதலியைத் தேடி அலைவது அதன் கதை. தேடப்படும் பெண்ணின் பெயர் வாணி.